மண் நிறக் கடலும் மாரியம்மன் கரகமும்: கயானாவின் கரையோரம் ஒரு மேப் பயணம்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஓசூரிலிருந்து பேசுறேன். ஒரு நேயர் கேட்டிருந்தார்: "தென் அமெரிக்கான்னா பிரேசில், அர்ஜென்டினா மட்டும்தானா? சின்ன நாடா, பீச்சும் திருவிழாவும் நல்லா இருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்."

சொல்றேன். நாடு கயானா. ஆனா நீங்க எதிர்பார்க்கிற பீச் அங்க பெரும்பாலும் இல்ல. நீங்க எதிர்பார்க்காத திருவிழா ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் பின்னால இருக்கிறது ஒரே வரலாறுதான். நான் இன்னும் நேர்ல போகல. மேப்பை விரிச்சு, புத்தகங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கிழக்கிலிருந்து மேற்கா கரையோரமா போகப் போறோம்.

ஒரு ஸ்கோர் கார்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1983 மார்ச் 29. கயானாவின் பெர்பிஸ் பகுதியில் ஆல்பியன் என்ற ஊர். ஒருநாள் போட்டி. இந்தியா 5 விக்கெட்டுக்கு 282. கவாஸ்கர் 90, கபில்தேவ் 72. மேற்கிந்தியத் தீவுகள் அணியை இந்தியா 27 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஒருநாள் போட்டியில் அந்த அணிக்கு எதிராக இந்தியாவுக்கு அதுதான் முதல் வெற்றி. மூணு மாசம் கழிச்சு லார்ட்ஸ்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

கிரிக்கெட் பேசுறவங்க ஆல்பியனை அத்தோட விட்டுடுவாங்க. ஆனா ஆல்பியன் ஒரு கரும்புத் தோட்டத்து ஊர். அங்கே பெயர்பெற்ற ஒரு காளி கோயில் இருக்கு. இதே பெர்பிஸ் பகுதியிலிருந்து வந்து மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்ட் ஆடிய ஒரு இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் பெயரை டிவியில 'வீராசாமி பெர்மால்'னு வாசிப்பாங்க. நீங்க ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. வீராசாமி பெருமாள்!

அந்தப் பெயர் அங்க எப்படிப் போச்சு? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

கடலைவிடத் தாழ்வான கரை

முதல்ல அளவு. கயானாவின் பரப்பளவு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை விட ஒன்றரை மடங்குக்கும் மேல. மக்கள்தொகையோ சுமார் 8 லட்சம்தான். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மட்டுமே 18 லட்சத்துக்கு மேல இருந்தாங்க. உள்ளே முழுக்க மழைக்காடு. மக்களில் பெரும்பாலானவர்கள் அட்லாண்டிக் ஓரத்தில் ஒரு ஒல்லியான நிலப்பட்டையில் வாழ்கிறார்கள்.

அந்தக் கடல் நீலமா இருக்காது. டீயில பால் கலந்த மாதிரி இருக்கும். அமேசான் ஆறு கொண்டுவந்து தள்ளுகிற வண்டலைக் கடல் நீரோட்டம் வடமேற்காக இழுத்துக்கொண்டு வருகிறது. அது கயானா கரை நெடுக சேறாகப் படிகிறது. கடலில் நீர் ஏறும் நேரத்தில் இந்த நிலப்பட்டை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்.

அப்படின்னா ஊர் எப்படி நிக்குது? டச்சுக்காரர்கள் இங்கே தோட்டம் போட்டபோது தங்கள் நாட்டு உத்தியையே கொண்டுவந்தார்கள். கடல் பக்கம் ஒரு கரை, காட்டுப் பக்கம் ஒரு கரை, நடுவில் வாய்க்கால்கள், கடலோரம் மதகுகள். நம்ம ஏரி மதகு தண்ணீரைச் சேர்த்து வெச்சு வயலுக்கு விடும். அங்கே வேலை தலைகீழ். கடல் இறங்கும்போது மதகைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேத்தணும். கடல் ஏறும்போது மூடிடணும். ஒரு நாள் மறந்தாலும் ஊருக்குள்ள தண்ணி.

இதையெல்லாம் வெட்டியது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கயானா வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி தன் நூலில், 1948இல் வந்த சர்க்கரைத் தொழில் விசாரணைக் குழுவின் மதிப்பீடு ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்: அவர்கள் மண்வெட்டியால் வாரிப்போட்ட ஈரக் களிமண் குறைந்தது 10 கோடி டன். நான் இன்ஜினியரிங் படிச்சவன். இந்த எண்ணைப் பார்த்ததும் மனசுல லாரி, ஜேசிபி எல்லாம் வந்துச்சு. அங்கே ரெண்டுமே இல்ல. கையும் மண்வெட்டியும் மட்டும்தான்.

இப்ப மேப்பில் கிழக்கு ஓரத்துக்கு வாங்க. சுரிநாம் எல்லையில் கொரன்டைன் ஆறு. ஆற்றைப் படகில் தாண்டி கயானாவுக்குள் வந்தால் கொஞ்ச தூரத்தில் 63ஆம் நம்பர் பீச். சேற்றுக் கரைகளுக்கு நடுவே கிடைக்கிற நல்ல மணல் கடற்கரை இது. மணல் இறுகி இருப்பதால் கார் ஓட்டிக்கொண்டே போகலாம். ஈஸ்டர் விடுமுறையில் கூட்டம் நெரியும். பெயர்ல என்ன 63? பக்கத்து ஊரின் பெயரே '63ஆம் நம்பர் கிராமம்'. தோட்டக்காரர்கள் கரையோர நிலத்தைப் பட்டை பட்டையாக அளந்து நம்பர் போட்டார்கள். அந்த நம்பரே ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது. சிப்காட்ல பிளாட் நம்பர் சொல்லி அட்ரஸ் சொல்ற மாதிரி.

ஆக, கயானாவில் 'பீச்'சுன்னா இயற்கை மட்டும் இல்ல. தோட்ட முதலாளியின் அளவுச் சங்கிலியும், அடிமையின் மண்வெட்டியும் சேர்ந்து உண்டாக்கின விளிம்பு அது.

மதராஸி என்ற லேபிள்

1834 ஆகஸ்ட் 1இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் இன்னும் நாலு வருஷம் இழுத்து, 1838 ஆகஸ்டில்தான் முழு விடுதலை கிடைத்தது. அதற்கு முன்பே முதலாளிகள் வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் 1838 மே 5இல் கயானா கரையைத் தொட்டன. இன்றும் மே 5 அங்கே அரசு விடுமுறை, 'வருகை நாள்'.

அப்போது தொடங்கி 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். தோட்டத்தை விட்டு வெளியே போக சீட்டு வேணும். வேலைக்கு வராமல் போனால் அது ஒழுங்கு மீறல் இல்லை, கிரிமினல் குற்றம். ஜெயில். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவே இல்லை.

போனவர்களில் பெரும்பகுதி கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி, அவதி பேசும் மக்கள். 1845 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. இதில் போனவர்கள் சின்னச் சிறுபான்மை. தமிழ் பேசுறவங்க, தெலுங்கு பேசுறவங்க எல்லாரும் அங்கே இறங்கினதும் ஒரே பெயர்: மதராஸி. ஏறின துறைமுகம்தான் அவங்களுக்கு இனப்பெயர் ஆச்சு.

ஓசூர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா கன்னடம். இதுல நீ யாருன்னு கேட்டா ஒரு வார்த்தையில பதில் இல்ல. அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் மதராஸ் மாகாணத்து சேலம் மாவட்டத்தின் தாலுகாக்கள். இங்கிருந்து ஒருத்தர் மதராஸ் போய்க் கப்பல் ஏறியிருந்தால், வீட்டில் எந்த மொழி பேசினாலும் அங்கே மதராஸிதான்.

மொழி நிலைக்கவில்லை. தோட்டத்தில் இந்தியர்களுக்குள் பொதுப் பேச்சு போஜ்புரி ஆனது. அடுத்தடுத்த தலைமுறையில் அதுவும் போய், ஆங்கிலம் கலந்த கிரியோல் வந்தது. சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மையான தமிழுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அச்சகம் இல்லை. மிஞ்சியது பெயர்கள். வீராசாமி, முத்துசாமி, நாகமுத்து. 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. கொரன்டைன் கரையில் விம் என்ற கிராமத்தில் மதராஸிக் குடும்பத்தில் பிறந்தவர். தன் ஊர் மதராஸிகளின் வாழ்க்கையை வைத்து 2000இல் 'ஹென்ட்ரீஸ் க்யூர்' என்று ஒரு நாவல் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு டெஸ்ட் ஆடிய லெக் ஸ்பின்னர் மகேந்திர நாகமுத்துவும் அதே விம் ஊர்தான்.

தப்பும் வேப்பிலையும்

பெயரைத் தவிர இன்னொன்றும் மிஞ்சியது. அதைத்தான் 'எதிர்பார்க்காத திருவிழா'ன்னு முதல்ல சொன்னேன்.

டூரிஸ்ட் பக்கங்களில் கயானாவின் திருவிழா என்று தேடினால் மூன்று வரும். பிப்ரவரி 23 குடியரசு நாளில் மஷ்ரமானி ஊர்வலம். மார்ச்சில் ஃபக்வா, அதாவது ஹோலி. பிறகு தீபாவளி, விளக்கு அலங்கார வண்டிகளின் ஊர்வலத்தோடு. மூணுமே பார்க்க வேண்டியதுதான். ஆனா பெர்பிஸ் பக்கத்து காளி கோயில்களில் 'பிக் பூஜா'ன்னு ஒன்று நடக்கும். வருஷாந்திரப் பெரிய பூசை, பொதுவாக மூன்று நாள்.

அங்கே என்ன இருக்கும்னு பட்டியல் சொல்றேன், எத்தனை உங்களுக்குத் தெரியுதுன்னு பாருங்க. நீர்க்கரையில் கங்கை பூசை. பூ சுற்றிய கரகம். மஞ்சள் தண்ணீர். வேப்பிலை. கற்பூரம். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தப்பு. மாரியம்மா, மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன், முனீஸ்வரன், காட்டேரி. அருள் வந்து ஆடுபவரை அங்கே 'மார்லோ' என்கிறார்கள். நம்ம 'மருளாடி'யின் காதுக்குத் தெரிகிற சாயல். பாட்டுகளில் தமிழ் இருக்கு. பாடுறவங்க பலருக்கு அர்த்தம் தெரியாது. ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதி வைத்து, அப்பா பாடின ராகத்திலேயே பாடுறாங்க.

காவேரிப்பட்டினத்து மயானக் கொள்ளை பார்த்த யாருக்கும், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாரியம்மன் திருவிழாவில் நின்ற யாருக்கும், இதில் எதுவும் அந்நியம் இல்லை.

மொழி போச்சு, இது ஏன் போகல? நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். மொழிக்கு இன்னொரு ஆள் வேணும், தினம் பேசணும். பறையடிக்கிற கைக்கு, கரகம் தூக்குற கழுத்துக்கு, மஞ்சள் அரைக்கிற விரலுக்கு அகராதி வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை செஞ்சாலே அடுத்த தலைமுறை பார்த்துக் கத்துக்கும்.

சுலபமா மட்டும் நிலைக்கல. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் மிஷனரிகளுக்கும் இது காட்டுமிராண்டித்தனம். வட இந்திய மரபில் வந்த சனாதன அமைப்புகளுக்கோ ஆடு, கோழி பலியும் சாமியாட்டமும் கீழானவை. ரெண்டு பக்கமும் முகம் சுளிச்சாங்க.

இந்த இடத்தில் ஆல்பியனுக்குத் திரும்பணும். அந்தக் கோயிலின் பூசாரி ஜேம்ஸி நாயுடு, 20ஆம் நூற்றாண்டில் இந்த வழிபாட்டையே மாற்றி அமைத்தவர்களில் முதன்மையானவர். மதராஸிகளின் குலவழிபாடாக இருந்ததை அவர் காலத்தில் வட இந்திய வம்சாவளியினரும், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தேடி வரும் இடமாக ஆக்கினார்கள். நோய், மனக்கஷ்டம், குடும்பப் பிரச்சினை என்று வந்தார்கள். 1960களில் பக்கத்து ஃபோர்ட் கான்ஜே மனநல மருத்துவமனையின் மருத்துவர் என்ரிகே அரனேட்டாவும், மானிடவியலாளர் ஃபிலிப் சிங்கரும் காளி பூசாரிகளோடு சேர்ந்து வேலை செய்து, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள். காட்டுமிராண்டித்தனம்னு ஒதுக்கினதை டாக்டரே வந்து, இதுல மனுஷங்க எப்படித் தேறுறாங்கன்னு பார்க்க உட்கார்ந்தார்.

லீவு கேட்டதுக்குத் துப்பாக்கிச் சூடு

திருவிழாவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கலர், பாட்டு, சாப்பாடு பற்றிப் பேசுவாங்க. எனக்கு முக்கியமாப் படுறது நாள். வேலை செய்யாத ஒரு நாள்.

ஆல்பியனிலிருந்து மேற்கே வந்தால் நியூ ஆம்ஸ்டர்டாம் நகரம். பக்கத்தில் கான்ஜே ஆற்றங்கரையில் ரோஸ் ஹால் கரும்புத் தோட்டம். 1913 தொடக்கத்தில் அறுவடையும் ஆலை ஓட்டமும் முடிந்தபோது தோட்ட மேனேஜர் தொழிலாளர்களுக்கு விடுமுறை தருவதாகச் சொன்னார். பிறகு அந்த வார்த்தையிலிருந்து பின்வாங்கி, வேலைக்கு வரச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். வழக்கு, அபராதம், சிலரை வேறு தோட்டத்துக்கு மாற்றும் உத்தரவு என்று அது வளர்ந்தது. மார்ச் 13 அன்று போலீஸ் சுட்டது. 15 பேர் செத்தார்கள். அவர்களில் கோபிந்தேய் என்ற பெண்ணும் ஒருவர்.

ஒப்பந்தத்தில் உடம்பை ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள், சொன்ன சில நாட்களை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அது வெறும் ஓய்வு இல்லை. முதலாளிக்குச் சொந்தமில்லாத நாள் அது. அந்த நாளில்தான் மனுஷன் மாமனாக, அத்தையாக, பூசாரியாக, பாட்டுக்காரனாக இருக்க முடியும். மற்ற நாளெல்லாம் அவன் பேரேட்டில் ஒரு நம்பர்.

அதனால்தான் பிக் பூஜாவை 'பழமையான சடங்கு'ன்னு மட்டும் பார்க்க எனக்கு மனசு வரல. தோட்டத்துக்குள்ளே தங்களுக்காக மீட்டெடுத்த நேரம் அது.

இது ஃபோர்க், பிழை இல்லை

இந்த விஷயத்தை நண்பர்களிடம் சொன்னால் ரெண்டு மாதிரி பதில் வரும். ஒண்ணு, "பார்த்தியா, தமிழன் எங்க போனாலும் தமிழன்." இன்னொண்ணு, "தமிழே தெரியாம தப்புத் தப்பாப் பாடுறாங்களே, யாராவது போய்ச் சரியாக் கத்துக்கொடுக்கணும்."

ரெண்டும் எனக்கு ஒத்துவரல. சாஃப்ட்வேர்ல ஃபோர்க்னு சொல்வோம். ஒரு கோடை எடுத்துக்கிட்டு வேற டீம் தனியாப் போயிடும். 150 வருஷம் தனியா ஓடின ஒரு ஃபோர்க்கைப் பார்த்து, ஒரிஜினல் மாதிரி இல்லைன்னு பிழை லிஸ்ட் போடக் கூடாது. அது வேறொரு தேவைக்காக வளர்ந்த முழு ப்ராஜெக்ட். கயானாவின் காளி பூசையில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பக்தர் இருக்கிறார், கிரியோல் பேச்சு இருக்கிறது. அதைத் திருத்தினா அந்த மக்களின் வரலாற்றையே அழிக்கிற மாதிரி. ஸ்டெஃபனோஸ் ஸ்டெஃபனிடீஸும் கர்ணா சிங்கும் கொண்டுவந்த 'ட்ரான்ஸ்லேட்டிங் காளிஸ் ஃபீஸ்ட்' என்ற நூலின் தலைப்பே இதைத்தான் சொல்லுது: விருந்து இடம் மாறும்போது மொழிபெயர்ப்பும் ஆகுது. இப்ப கயானாவிலிருந்து நியூயார்க் குயின்ஸுக்குப் போனவங்க அங்கேயும் காளி கோயில் வெச்சிருக்காங்க. அது மூணாவது ஃபோர்க்.

மேற்கே மிச்சப் பயணம்

பெர்பிஸ் ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் தலைநகர் ஜார்ஜ்டவுன். கடலைத் தடுக்கிற நீளமான மதில்தான் ஊரின் மாலை நேரத்து மெரினா. ஈஸ்டர் திங்கள் அன்று அந்த மதில் மேல குடும்பம் குடும்பமா பட்டம் விடுவாங்க. எந்த மதம், எந்த நிறம்னு பார்க்காத திருவிழா அது. மேற்குக் கோடியில் வெனிசுவேலா எல்லையை ஒட்டி ஷெல் பீச். 4 வகைக் கடலாமைகள் முட்டையிட வரும் கரை, 2011 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. சென்னைக் கரையில் நாம் பார்க்கும் பங்குனி ஆமையின் இனமும் அதில் உண்டு.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: மார்ச், ஏப்ரல்னா ஃபக்வாவும் ஈஸ்டர் பட்டமும் கிடைக்கும். மே 5 கிடைச்சா இன்னும் நல்லது. காளி கோயிலுக்குப் போனா அது ஷோ இல்ல, வழிபாடு. கேமராவை எடுக்கிறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க.

இங்கே யார் மதராஸி?

கடைசியா நம்ம ஊர். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் வெளியூர் ஆட்களால் வளர்ந்த ஊர். முதலில் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தாங்க. இப்ப ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். வேலைக்கு எடுக்கிறது கம்பெனி இல்ல, கான்ட்ராக்டர். நாலு மாநிலத்து ஆட்களுக்கும் தெருவில் ஒரே பெயர்: 'வடக்கன்' இல்லேன்னா 'இந்திக்காரன்'. ஒடியா பேசுறவன்கூட இந்திக்காரன்தான். அங்கே நமக்கு மதராஸின்னு பேர் வெச்ச மாதிரியே.

ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. இன்னைக்கு வேலையை விட்டா ஜெயில் கிடையாது, ரயில் ஏறி ஊருக்குப் போகலாம். ஆனா காலண்டரைப் பாருங்க. தீபாவளிக்கு லீவு கிடைக்கும். பீகார் ஆளுக்குப் பெரிய நாள் சட் பூஜை, அது தீபாவளிக்கு 6 நாள் கழிச்சு வரும். அன்னைக்கு ஷிஃப்ட். ஒடியா பொண்ணுங்களுக்கு ஜூன்ல ரஜ பண்டிகை. அது என்னன்னே நம்ம லைன் சூப்பர்வைசருக்குத் தெரியாது. பொங்கலுக்கு மூணு நாள் லீவு விட்டா, சமைக்க ஆளில்லாத ரூம்ல படுத்திருப்பாங்க.

நான் இருக்கிற தெருவுல ஒரு சட் பூஜை அன்னைக்கு, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த நாலு பேர் தூங்காம மொட்டை மாடியில பக்கெட் தண்ணியில கால் வெச்சு நின்னு சூரியனுக்கு அர்க்கியம் விட்டாங்க. கீழே வீட்டுக்காரர், தண்ணி வீணாகுதுன்னு கத்தினார்.

நீங்க ஹெச்ஆர்ல இருந்தா, டீம் லீடா இருந்தா, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "உங்க ஊர்ல பெரிய நாள் எது?" பதில் வந்ததும் அதை லீவு ரெஜிஸ்டர்ல ஏத்த முடியுமான்னு பாருங்க. தேதியை மாத்திக்கிட்டா உற்பத்தி ஒண்ணும் நின்னுடாது.

அடுத்த எபிசோடில் ஆற்றைத் தாண்டி சுரிநாம் போகலாம். போஜ்புரிக்காரர்கள் வாயில் அது 'ஸ்ரீராம்' ஆன கதை இருக்கு.